தவறு விரலிலா, திரையிலா?

“எனக்கு இதெல்லாம் வராது தம்பி.” இத்தொடரைக் கேளாத மாணவர் இன்று சென்னையில் இருத்தல் அரிது. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தை ஒட்டிய வங்கிகளிலும், தியாகராய நகரில் பணம் எடுக்கும் எந்திரங்களின் முன்னும், அடையாற்று மருத்துவமனைகளின் பதிவு மேடைகளிலும், கைப்பேசியை நம்மிடம் நீட்டியபடி முதியவர் எவரேனும் இதனைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றார். அவர் யார்? நாற்பது ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்கெழுதியவராக இருப்பார். பேரேட்டில் எட்டணா இடித்தாலும் இரவெல்லாம் விழித்திருந்து தேடிப் பிடித்தவராக இருப்பார். அல்லது பத்துப் பேருக்குச் சோறாக்கி, சீட்டுக் கட்டி, பிள்ளைகளைக் கரையேற்றிய தாயாக இருப்பார். அத்தகையோர் ஆறு இலக்க எண் ஒன்றைக் குறித்த நேரத்திற்குள் திரையில் இட இயலாமல் நாணி நிற்கின்றனர். நாமும் இரக்கங்கொண்டு, வாங்கிச் செய்துகொடுத்துவிட்டு நகர்கிறோம். இயலாமை அவருடையது என்பதில் அவருக்கும் ஐயமில்லை, நமக்கும் ஐயமில்லை.

ஐயங்கொள்ள வேண்டிய இடம் அதுவே. அவ்வையத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்துள்ளது. ‘பயனர் அனுபவ ஆய்வு’ என்று அதனைச் சொல்லலாம். ஒரு கருவியையோ செயலியையோ மனிதர் எடுத்து ஆளும்போது எங்கே தயங்குகின்றனர், எதைக் காணத் தவறுகின்றனர், எதனைப் பிறழ உணர்கின்றனர், எவ்விடத்தில் சினந்து கைவிடுகின்றனர் என்பவற்றை உடனிருந்து கண்டு, அக்கருவியை ஆக்குவோர்க்கு எடுத்துரைப்பதே அதன் பணி. உளவியலும் மானிடவியலும் கற்றோர் மட்டுமன்றி, நரம்பியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றோரும் இப்பணிக்குச் செல்கின்றனர். மூளையை ஆராய்ந்தவருக்குக் கணிப்பொறி நிறுவனத்தில் என்ன வேலை என்று நம் பெற்றோர் வியந்து கேட்கக்கூடும். மருத்துவமும் பொறியியலும் அல்லாத எப்படிப்பைக் கண்டாலும் ‘இதைப் படித்து என்ன செய்வது?’ என்று கேட்பது நம் வழக்கம்தானே! தமிழ் படிக்க வந்த மாணவச் செல்வங்களுக்கு அக்கேள்வி மிகவும் பழக்கமானது. ஆதலின் இவ்விரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் நன்று என்பது என் எண்ணம்.

வேரிலிருந்து தொடங்குவோம். கண் காண்கிறது என்கிறோம். காட்சியில் மனத்தின் பங்கு பெரிது என்பதைச் சோதனைகளோடு எடுத்துரைத்தோருள் முன்வரிசையில் நிற்பவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1040 அளவில் மறைந்த இப்னு அல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கொள்கையை மறுத்து, ஒளியே பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறது என்று அவர் காட்டினார். நம் பொருளுக்கு அதனினும் நெருக்கமானது, ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் அவருடைய ஒளியியல் நூலில் காணும் மற்றொரு கருத்து. நாம் காண்பவற்றுள் பலவும், நாமே அறியாவண்ணம் விரைந்து நிகழும் ஊகத்தின் விளைவு என்பது அது. 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் ஹெல்மோல்ட்ஸ் ஏறத்தாழ இக்கருத்தையே மீண்டும் நிலைநாட்டினார். இடையில் எண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இம்மரபில் வந்து உலகப் புகழ் எய்திய ஒருவர்க்கு நம் மயிலாப்பூரோடு உறவுண்டு. 1951இல் பிறந்த வி.எஸ். இராமச்சந்திரன், அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவினருள் ஒருவராகிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். லஸ் பகுதியில் இருந்த அல்லாடி இல்லம், பின்னாளில் அடையாற்றை அடுத்த தரமணியில் நிலைபெற்ற கணித அறிவியல் நிறுவனத்திற்கும் கருவறையாக இருந்த வீடு. இராமச்சந்திரன் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றபோதே ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக்குறிப்பு வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1983இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையிழந்தோர்க்கு இல்லாத கையில் எழும் வலியைத் தணிக்க, ஓர் அட்டைப் பெட்டியும் ஒரு கண்ணாடியும் கொண்டு அவர் செய்த முயற்சியைப் பலரும் அறிவர். பலரும் அறியாதது அவர் 1988இல் வெளியிட்ட நிழல் பற்றிய ஆய்வு. ஒரு வட்டத்தின் மேற்பகுதி வெளிறியும் கீழ்ப்பகுதி கருத்தும் இருப்பின் அது புடைத்துத் தோன்றுகிறது. தலைகீழாக்கினால் குழிந்து தோன்றுகிறது. ஏன்? ஒளி மேலிருந்தே வரும் என்று மூளை எப்போதும் ஊகித்துக்கொள்கிறது. கதிரவன் தலைக்கு மேல் நிற்கும் உலகில் வாழ்ந்த உயிருக்கு இயல்பான ஊகம் அது.

இதற்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு என்பீர். 1990களின் கணிப்பொறித் திரையை நினைவுகூர்க. அதன் பொத்தான்களின் மேல்விளிம்பு வெளுத்தும் கீழ்விளிம்பு கருத்தும் இருக்கும். எவரும் சொல்லித் தராமலே அவை புடைத்திருப்பதாக மூளை கொண்டது. புடைத்திருப்பது அழுத்துவதற்கு என்று விரல் அறிந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐ.ஓ.எஸ். 7இல் நிழலையும் விளிம்பையும் நீக்கிப் பல பொத்தான்களை வெறும் வண்ண எழுத்துகளாக்கியது. பார்வைக்கு அழகு, ஆனால் எது செய்தி, எது பொத்தான் என்ற வேறுபாடு மங்கியது. மறு ஆண்டே, வேண்டுவோர்க்குப் பொத்தான் வடிவத்தைக் காட்டும் தனி அமைப்பு ஒன்றை அந்நிறுவனம் சேர்க்க நேர்ந்தது. 2014இல் கூகிள் தன் புதிய வடிவமைப்பு முறையில் நிழலுக்கு மீண்டும் இடமளித்தது. பழகிய இளைஞர் இம்மாற்றங்களை ஒரு நாளில் கடந்துவிட்டனர். அறுபது வயதில் முதன்முதலாகத் தொடுதிரையை ஏந்தியவரோ, எங்கே அழுத்துவது என்று இன்றும் கேட்கிறார். அவருடைய மூளை மிகச் சரியாகவே பணி செய்கிறது. அது தேடும் அடையாளத்தை நாம் அழித்துவிட்டோம்.

இராமச்சந்திரன் பணிபுரிந்த அதே பல்கலைக்கழக வளாகத்தில் டொனால்டு நார்மன் என்னும் அறிதலியல் பேராசிரியரும் இருந்தார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முட்டிக்கொள்பவர் அறிவிலியல்லர், கதவே தவறாகச் செய்யப்பட்டது என்று அவர் 1988இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 1993இல் பல்கலைக்கழகத்தை விட்டு ஆப்பிளில் சேர்ந்து, ‘பயனர் அனுபவம்’ என்னும் சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே சூடிக்கொண்டார். அச்சொல் பரவியதற்கு அவரே முதற்காரணர் எனலாம்.

நார்மன் கலைக்கூடத்திலிருந்து தொழிற்கூடத்திற்குச் சென்றார்; எதிர்த்திசையில் நடந்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். பொறியாளராகிய அவர் மூளையை ஆராயும் வேட்கையால் 1986இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் விரும்பிய ஆய்வுப்பொருள் அங்கு ஏற்கப்படவில்லை. மீண்டும் தொழிலுக்குத் திரும்பி, 1992இல் பாம் நிறுவனத்தைத் தொடங்கினார். கையடக்கக் கணிப்பொறியைச் செய்யுமுன், அவ்வளவேயான ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு திரிந்தார். எவரேனும் சந்திப்பு நாள் கேட்டால் கட்டையை எடுத்து அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். பைக்குள் அது உறுத்துகிறதா, எத்தனை முறை எடுக்க வேண்டியுள்ளது, எதற்காக எடுக்கிறோம் என்பனவற்றை அம்மரக்கட்டை அவருக்குக் கற்பித்தது. 1996இல் கருவி வெளிவந்து பெருவெற்றி பெற்றது. ஈட்டிய பொருளைக் கொண்டு 2002இல் அவர் நிறுவியது, மூளை ஆராய்ச்சிக்கான ஒரு நிலையம்! வாழ்க்கைப் பாதை நேர்கோடாக இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கும் பெற்றோர் இவர் வரலாற்றைப் படித்தல் தகும்.

ஹாக்கின்ஸின் கருவி பற்றி ஒரு செய்தி நம் தமிழோடு வந்து முட்டுகிறது. அக்காலக் கருவிக்கு மனிதரின் கையெழுத்து எளிதில் புரியவில்லை. ஆகவே அவர் ‘கிராஃபிட்டி’ என்ற பெயரில் ஆங்கில எழுத்துகளை எளிய கோடுகளாகச் சுருக்கி, மக்களை அவற்றைக் கற்கச் செய்தார். மக்களும் கற்றனர். சில ஆண்டுகளில் கருவி அறிவு பெற்றது, கிராஃபிட்டி வழக்கிறந்தது.

நம் அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி என்னும் பேராசிரியர் கணிப்பியல்சார் நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தி வருபவர். நடுக்குவாத நோயில் மூளையின் அடிமுடிச்சுகள் எவ்வாறு பிறழ்கின்றன என்பன போன்ற ஆய்வுகளில் பெயர் பெற்றவர். அவரே ‘பாரதி’ என்னும் பொது எழுத்து முறையையும் படைத்தார். தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய எழுத்து முறைகளுக்கும் பொதுவாக, ஒலியமைப்பைத் தழுவிய எளிய வடிவங்கள் கொண்டது அது. எழுத்துணரும் மென்பொருளும் கைப்பேசிக்கான உள்ளீட்டு முறையும் அதற்கெனச் செய்யப்பட்டன. மூளையறிஞர் ஒருவர் மனிதரும் கருவியும் சந்திக்கும் எல்லையில் இறங்கி உழைத்தமைக்கு நம் ஊரில் இதனினும் நெருங்கிய சான்று இல்லை. அவ்வுழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அதன் திசையோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்து எளிதானால் கருவிக்கு நன்மை. ஆனால் தன் தாயெழுத்தில் ஐந்து வயது முதல் பழகிய மூளைக்குப் புதிய எழுத்து ஒன்றைத் தருவது சுமை. கருவியோ ஆண்டுக்கு ஆண்டு திறன் பெறுகிறது. இன்று கைப்பேசி தமிழ்க் கையெழுத்தையும் ஓரளவு படிக்கிறது. தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்குகிறது. விரைந்து மாறுவது கருவி, மெல்ல மாறுவது மூளை. விட்டுக்கொடுக்க வேண்டியது எது?

எழுத்தைத் திருத்தவே கூடாது என்பது இதன் பொருளன்று. தந்தை பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, லை, ளை முதலியன பெற்றிருந்த தனிவடிவங்கள் நீங்கி, ஏனைய எழுத்துகளின் ஒழுங்கிற்குள் வந்தன. கற்பவர்க்கு விதிவிலக்குகள் குறைந்தன, அச்சுக்கும் எளிதாயிற்று. மனித மனத்தை அறிந்து செய்த திருத்தம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையும் அத்தகையதே. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒற்று இரட்டிக்கும் இடத்தில் தானே புள்ளியிடும் அமைப்பு. தமிழின் இயல்பை நன்கறிந்தோர் ஆக்கியது என்பது தட்டுந்தோறும் புலப்படும். ஆயினும் இன்று நம் மாணவர்கள் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வரவழைக்கின்றனர். சிறந்த அமைப்பைச் செய்வது வேறு. மக்கள் கைக்குள் அதனைக் கொண்டுசேர்ப்பது வேறு. பள்ளியில் அப்பலகையை எவரும் கற்பிக்காதபோது, ஏற்கெனவே பழகிய ஆங்கிலப் பலகையையே விரல் நாடும். இதனைச் சோம்பல் என்று ஏசுவதில் பயனில்லை.

இனி நிறுவனத்துள் நரம்பியல் அறிஞர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைக் காண்போம். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையைப் படிக்கிறார் என்று எண்ணற்க. அவ்வாறு செய்வது அரிது. பெரும்பாலும் அவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, ‘செய்துகொண்டே மனத்தில் தோன்றுவதைச் சொல்லுங்கள்’ என்று வேண்டி, வாய்மூடிக் கவனிக்கிறார். உதவி செய்யக் கை துடிக்கும், செய்யலாகாது. சில வேளை கண்ணின் ஓட்டத்தைக் கருவியால் பதிகிறார். நாம் படிக்கும்போது விழி வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ நொடியில் நான்கில் ஒரு பங்கு. கூர்மையாகக் காணும் பரப்போ மிகச் சிறிது. திரையின் மூலையில் சிவப்பெழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தோமே என்று மென்பொருளாளர் வாதிடும்போது, அவ்விடத்தில் விழி நிற்கவேயில்லை என்று காட்டுவது இவர் கடன்.

ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு வேளையில் மனம் தாங்கக்கூடியவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றது. இதனைத் தவறாகக் கொண்டு, பட்டியலில் ஏழுக்கு மேல் இருத்தலாகாது என்று விதி செய்தவர்கள் உண்டு. கண்முன் இருக்கும் பட்டியலை மனத்தில் தாங்க வேண்டியதில்லை. மில்லர் பேசியது நினைவைப் பற்றி. அவ்வளவு உண்மையாகப் பொருந்துவது நம் ஓ.டி.பி.க்குத்தான். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கத்தைப் படித்து, வங்கிச் செயலிக்குத் திரும்பி, அதனை இடுவதற்குள் நடுவே ஓர் அழைப்போ விளம்பரமோ குறுக்கிட்டால் எண் நழுவிவிடும். செயல்நினைவு முதுமையில் தளர்வது எல்லார்க்கும் பொது. கீழே நொடிகள் குறைந்துகொண்டே வருவதைக் காட்டும் கடிகாரம், அச்சத்தையும் சேர்த்து இருப்பதையும் பறித்துவிடும். எண்ணைத் தானே எடுத்து இட்டுக்கொள்ளும் செயலிகள் இச்சுமையை இறக்கி வைக்கின்றன. எஞ்சியவை ஏன் அவ்வாறு செய்தல் கூடாது?

இங்கே தமிழ் மாணவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படும் வகையைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். பயனர் அனுபவ ஆய்வாளர் தேடுவதும் அதுவே: புருவம் சுருங்கியதா, விரல் பின்வாங்கியதா, முகம் வாடியதா? எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களை அடுக்கும்போது, மூப்பினை முதலிலும் பிணியை அடுத்தும் அவர் வைத்துள்ளார். கைப்பேசியை நம்மிடம் நீட்டும் முதியவரின் முகத்தில் நாம் காண்பதற்கு அதனினும் பொருத்தமான சொல் எத்துறையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நரம்பியல் என்ற பெயரைக் கேட்டே மயங்கலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், செத்த சால்மன் மீன் ஒன்றை மூளைப் படக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினர். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது, மீனின் மூளை அப்படங்களுக்கு எதிர்வினை புரிந்ததாக முடிவு வந்தது! 2012இல் இதற்கு நகைப்புக்குரிய இக் நோபல் பரிசும் கிடைத்தது. மூளைப் படத்தைக் காட்டிப் பொருள் விற்க வருவோரிடம் இம்மீனைப் பற்றிக் கேட்பது நன்று. நிறுவனத்திற்கு அந்த அறிஞர் கொண்டுசெல்லும் மெய்யான செல்வம் கருவிகளல்ல. சான்றின்றி எதனையும் நம்பாத பயிற்சி.

நம் நகரத்திலேயே அப்பயிற்சியின் பயனைக் காணலாம். கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யா சாகர், மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைகளுக்கெனப் பல்லாண்டு உழைக்கும் அமைப்பு. ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணனும் அவர் குழுவினரும் அவ்வமைப்போடு இணைந்து, பேச இயலாத குழந்தைகளுக்காக ‘ஆவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினர். திரையில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். குழந்தை தன்னால் அசைக்க இயன்ற ஏதோ ஓர் உறுப்பால் வேண்டியதைத் தெரிவு செய்தால், கருவி உரக்கச் சொல்லும். 2010இல் இதற்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் பொறியாளரே, நரம்பியலார் அல்லர். ஆனால் செய்த முறை இத்துறைக்குரியது. தலையை மட்டும் அசைக்கக்கூடிய குழந்தையிடம் ‘விரலால் தொடு’ என்று சொல்ல முடியாதே! அங்கே கருவி குழந்தையிடம் போயிற்று.

அதே அறிவை, பெரும்பான்மையோர்க்கான கருவிகளில் நாம் அரிதாகவே காண்கிறோம். நல்லதொரு விதிவிலக்கு, பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் கடைதோறும் இருக்கும் சிறு ஒலிப்பெட்டி. பணம் வந்ததும் தொகையைத் தமிழிலேயே சொல்கிறது. பூக்கட்டும் அம்மையாரின் இரு கைகளும் வேலையில் இருக்கின்றன, கண் நாரில் இருக்கிறது. செவி மட்டுமே ஓய்ந்திருக்கிறது என்பதை யாரோ ஒருவர் உற்று நோக்கியிருக்க வேண்டும். தீய எடுத்துக்காட்டும் அதே பணப் பரிமாற்ற முறையில் இருந்தது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், பிறரிடம் பணம் ‘கோரும்’ வசதி வைக்கப்பட்டது. ‘உங்களுக்குப் பணம் அனுப்பியுள்ளேன், இரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று வஞ்சகர் தொலைபேசியில் சொல்ல, எளியோர் எண்ணைப் போட்டுப் பணம் இழந்தனர். பெறுவதற்கு எண் தேவையில்லை, தருவதற்கே தேவை என்று விழிப்புணர்வு விளம்பரங்கள் பல வந்தன. பொருளிழந்தவரையே பேதையென்று ஊர் பழித்தது. இறுதியில், 2025 அக்டோபர் முதல் தனியாட்களுக்கு இடையிலான அக்கோரிக்கை வசதியையே நிறுத்துமாறு தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் பணித்தது. வஞ்சகர் நுழைந்த வாயில் அமைப்பிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுமா? முன்பே பத்து முதியவர்களிடம் அத்திரையைக் கொடுத்துப் பார்த்திருந்தால் எத்துணைக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்!

மூளையை அறிந்தவர் அவ்வறிவை யார் பக்கம் நின்று பயன்படுத்துகிறார் என்பது அடுத்த கேள்வி. இதில் நம் மாணவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். முடிவின்றி உருண்டுகொண்டேயிருக்கும் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேரின் செய்தித் தொகுப்பை அவர்கள் அறியாமல் மாற்றி, அவர்தம் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. 2014இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தபோது உலகம் கொதித்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவனிடம் சிறு சோதனை செய்யவும் நெறிக்குழுவின் இசைவு வேண்டும். நிறுவனத்திலோ அத்தகைய காவல் நலிவானது. இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைத் தடைசெய்து நெறிமுறை வகுத்தது. கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாமென்பவரை நாணச் செய்யும் சொற்களை இடுவது, சேர எளிதாகவும் விலக அரிதாகவும் வைப்பது ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றைச் செய்வதற்கும் மனத்தை அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊதியம் அப்பக்கமும் உண்டு.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. வங்கிக் கணக்கிற்கும் தொலைபேசி இணைப்பிற்கும் ஆளை உறுதிசெய்யும்போது, படக்கருவி முன் ‘கண் சிமிட்டுங்கள்’ என்று திரை கேட்கிறது. அமில வீச்சில் இமையிழந்தவர் எங்ஙனம் சிமிட்டுவார்? பார்வையற்றவர் கட்டத்துக்குள் தம் முகத்தை எங்ஙனம் நிறுத்துவார்? இவர்கள் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம், மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் கூறே என்று தீர்ப்பளித்து, 20 நெறியுரைகளையும் பிறப்பித்தது. அத்தீர்ப்பை வழங்கிய இருவருள் நீதியரசர் ஆர். மகாதேவன் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சட்டம் வழி திறந்துவிட்டது. திரைகளைத் திருத்துவோர் எங்கே?

அவர்கள் நரம்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து மட்டும் வரமுடியாது. இராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001இல், கூரிய உருவம் ஒன்றையும் உருண்ட உருவம் ஒன்றையும் காட்டி, ‘பூபா’ எது, ‘கிக்கி’ எது என்று அமெரிக்க மாணவரிடமும் தமிழ் பேசுவோரிடமும் வினவியதைப் பற்றி எழுதினர். ஏறத்தாழ எல்லாரும் கூரியதே ‘கிக்கி’ என்றனராம். மூளையின் அடித்தளம் பொது என்பதற்கு நல்ல சான்று. ஆனால் ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானைக் கண்டு எழுபது வயதுப் பெரியவர் ஏன் முகஞ்சுளிக்கிறார் என்பதை அப்பொதுத்தளம் சொல்லாது. தம்மை ஒருமையில் ஏவுகிறது திரை என்பதைத் தமிழர் ஒருவரே உணர்வார். ‘சமர்ப்பிக்கவும்’ என்று மாற்றினால் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் அறுபடுகிறது. ஆங்கிலச் சொல்லின் அளவுக்குக் கட்டம் போட்டவர் அதனை எண்ணவில்லை. இத்தகைய இடங்களில் இலக்கணமும் வழக்கும் அறிந்த மாணவரே ஆய்வாளர்.

நம் கல்லூரித் தமிழ்த்துறை இதனைச் சிறு அளவில் தொடங்கலாம். முதுகலை மாணவர் சிலர், வங்கி, மின்வாரியம், மருத்துவமனை ஆகியவற்றின் தமிழ்த் திரைகளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தத்தம் வீட்டுப் பெரியவர்களோடு அமரட்டும். சொல்லித் தராமல், ஒவ்வொரு சொல்லிலும் நிகழும் தயக்கத்தைக் குறிக்கட்டும். உளவியல் துறையினர் முறையைக் கற்பிக்கலாம். கணிப்பொறித் துறையினர் மாற்றுத் திரை வரைந்து தரலாம். ஓராண்டில் அம்முடிவுகளை உரிய நிறுவனங்களுக்கு அனுப்பவும் செய்யலாம். தொடங்குவதற்கு ஒரு திரையை நானே சுட்டுகிறேன். ‘பரிவர்த்தனை தோல்வியுற்றது’ என்று பல செயலிகளில் ஒரு செய்தி வரும். கடைத்தெருவில் ‘பரிவர்த்தனை’ என்று பேசுவோர் இல்லை என்பது ஒருபுறம் இருக்க, அதனைப் படித்ததும் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அப்படியானால் என் பணம் போயிற்றா, இருக்கிறதா?” அதற்கு விடை அத்திரையில் எங்குமில்லை.